வலியின்றி வரும் பகை: சிறுநீரகப் புற்றுநோயும் அதன் மருத்துவமும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

இதயத்தைப் பாடாத கவிஞர் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் இடைக்கும் ஏட்டிலே இடம் உண்டு. அச்சம் மிகுந்தால் 'ஈரக்குலை நடுங்குகிறது' என்கிறோம். ஆகவே ஈரலுக்கும் நம் பேச்சில் ஓர் இருக்கை கிடைத்துவிட்டது. ஆனால் முதுகுப்புறத்தில், முதுகெலும்பின் இருமருங்கிலும், விலா எலும்புகளின் அடிநிழலில் மறைந்திருந்து இரவும் பகலும் உழைக்கின்ற இரு சிறுநீரகங்களை நாம் நினைப்பதே இல்லை. நோய் வந்த பிறகுதான் நினைக்கிறோம். அந்த நோய் புற்றுநோயாக இருந்துவிட்டால், நினைக்கும் காலம் சில வேளைகளில் கடந்துபோய் விடுகிறது.

2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 4,30,000 பேருக்குப் புதிதாகச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இந்நோய் எங்கே தொடங்குகிறது, எவ்வாறு தன்னை மறைத்துக்கொள்கிறது, மருத்துவம் இதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பவற்றை, வகுப்பில் கற்றதையும் நூலகத்தில் படித்ததையும் கொண்டு சக மாணவ நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பேராசிரியப் பெருமக்கள் இதனை ஒரு மாணவனின் முயற்சியாக ஏற்றுக்கொள்வார்களாக.

சிறுநீரகம் என்னும் சலவைச்சாலை

அவரை விதை வடிவில், ஏறத்தாழ 11 செ.மீ. நீளமும் 150 கிராம் எடையும் கொண்டது ஒரு சிறுநீரகம். உருவில் சிறியதாயினும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு உறுப்புகளுக்கே செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பகுதியில் உள்ள இரத்த நுண்நாள முடிச்சில் இரத்தம் வடிகட்டப்படுகிறது. ஒரு நாளில் இவ்வாறு வடிகட்டப்படும் நீர்மத்தின் அளவு சுமார் 180 லிட்டர். நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சிய நீர் எங்கே போயிற்று?

அதனை மீட்டுத் தருவது நுண்குழல். குறிப்பாக, வடிகட்டும் முடிச்சை அடுத்துள்ள அண்மைச் சுருள் நுண்குழல், நீரையும் உப்பையும் சர்க்கரையையும் இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. உடலுக்கு வேண்டாத நச்சுப் பொருள்களையும் மருந்தின் எச்சங்களையும் பிடித்துச் சிறுநீரில் தள்ளுகிறது. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெளியே தள்ளும் இந்த வேலையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னால் மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

இவை தவிர, இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதிலும், சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரப்பதிலும் சிறுநீரகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

புற்று எங்கே தொடங்குகிறது?

உடலின் செல்கள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டுப் பிரிகின்றன, முதிர்ந்தவை மடிகின்றன, புதியவை அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. இந்த ஒழுங்கைக் காக்கும் ஜீன்கள் பழுதுபடும்போது, செல் தன் விருப்பம்போல் பெருகத் தொடங்குகிறது. அதுவே புற்றுநோய்.

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நுண்குழல்களின் உட்சுவர்ச் செல்களில் தோன்றுவதாகும். இதனை 'ரீனல் செல் கார்சினோமா' என்பர். இதிலும் பல வகைகள் உண்டு. நான்கில் மூன்று பங்கு 'கிளியர் செல்' எனப்படும் தெளிசெல் வகை. இவ்வகை மேலே கூறிய அண்மைச் சுருள் நுண்குழலில் பிறக்கிறது. அடுத்து வருவன பாப்பில்லரி வகை, குரோமோஃபோப் வகை முதலியன. சிறுநீர் சேரும் புனல் போன்ற பகுதியில் தோன்றும் புற்று வேறு இனத்தைச் சேர்ந்தது. அதன் மருத்துவமும் வேறு. குழந்தைகளுக்கு வரும் 'வில்ம்ஸ் கட்டி' இன்னொரு தனி நோய். 1899இல் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

விஞ்ஞானமும் இந்நோயின் பிறப்பிடத்தை எளிதில் கண்டுகொள்ளவில்லை. 1883இல் பால் கிராவிட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், இக்கட்டியின் செல்களில் கொழுப்பு நிறைந்திருப்பதைக் கண்டார். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியின் செல்களும் கொழுப்பு நிறைந்தவை. எனவே சிறுநீரகத்துக்குள் வழிதவறிச் சிக்கிய அட்ரினல் திசுவிலிருந்தே இக்கட்டி பிறக்கிறது என்று அவர் கருதினார். 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்ற பழைய பெயர் அந்தக் கருத்தின் எச்சம். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின்னர், இச்செல்கள் நுண்குழல் செல்களை ஒத்திருப்பது தெளிவாகி அக்கருத்து கைவிடப்பட்டது. ஆயினும் பழைய மருத்துவக் குறிப்புகளில் அப்பெயர் இன்னும் தென்படும்.

'கிளியர்' என்ற ஒரு சொல்

இந்த நோயை நான் பாடமாகப் படிக்கத் தொடங்கவில்லை. என் தாய்மாமனுக்கு வந்ததால் படிக்க நேர்ந்தது. அவர் கைத்தறி நெசவாளர். ஒருநாள் சிறுநீர் சிவந்து போயிற்று. வலி சிறிதும் இல்லை. "தறிக்குழியிலே நாள் முழுக்க உட்கார்ந்தால் உடம்பு சூடு பிடிக்காமல் என்ன செய்யும்?" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். இளநீர் குடித்தார், வெந்தயம் ஊறவைத்த நீர் குடித்தார். இரண்டாம் நாள் சிறுநீர் தெளிந்துவிட்டது. இளநீர் வென்றதாகவே எல்லோரும் எண்ணினோம். நான்கு மாதம் கழித்து மீண்டும் வந்தது. அப்போதுதான் மருத்துவமனைக்குச் சென்றார். ஸ்கேனில் இடப்புறச் சிறுநீரகத்தில் 6 செ.மீ. கட்டி தெரிந்தது. அறுவை செய்து அகற்றினார்கள்.

பத்து நாள் கழித்துத் திசு ஆய்வு அறிக்கை வந்தது. முழுவதும் ஆங்கிலம். எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டியவன் நான் ஒருவனே. நான் கல்லூரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், தெருவில் ஓரளவு ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதை வாங்கிப் பார்த்திருக்கிறார். "கிளியர் என்று போட்டிருக்கிறது. ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம்" என்று சொல்லிவிட்டார். என் தாயார் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார். "இனி ஆஸ்பத்திரிக்கு எதற்கு அக்கா, ஒருநாள் கூலி போகிறது" என்று மாமா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

மறுநாள் அந்த அறிக்கையை எங்கள் துறை விரிவுரையாளரிடம் காட்டினேன். அவர் என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, நாங்கள் செய்முறை வகுப்பில் செய்த எலிச் சிறுநீரகத்தின் சிலைடு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார். திசுவை ஃபார்மலினில் இடுகிறோம். ஆல்கஹாலில் நீரை அகற்றுகிறோம். சைலீனில் இட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றுகிறோம். தெளிசெல் புற்றின் செல்களில் கொழுப்பும் கிளைக்கோஜனும் மிகுதி. இந்தப் படிகளைக் கடக்கும்போது அவை கரைந்து போய்விடுகின்றன. எஞ்சுவது செல்லின் எல்லைக்கோடும் நடுவே உட்கருவும்தான். இடைப்பகுதி கண்ணாடிபோல் வெறுமையாகத் தெரியும். அதனால்தான் அதற்குத் 'தெளிசெல்' என்று பெயர். நோய் இல்லை என்பதற்கும் இச்சொல்லுக்கும் எவ்வித உறவும் இல்லை. நோயின் பெயரே அதுதான்.

இதை வீட்டில் சொல்லி, குறித்த நாளில் மாமாவை மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். கட்டி சிறுநீரகத்தை விட்டு வெளியேறவில்லை என்பது எங்கள் நற்பேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள். இப்போது தறியில் அமர்கிறார். ஆனால் ஒரு சொல்லின் பொருள் தெரியாமற்போனால் ஓர் உயிர் எவ்வளவு தூரம் ஆபத்தில் நிற்கிறது என்பதை நான் அன்று கண்டேன்.

அறிகுறிகள்

சிறுநீரில் இரத்தம், விலாப்பக்கத்தில் வலி, வயிற்றைத் தொட்டால் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றையும் பழைய மருத்துவ நூல்கள் இந்நோயின் மூன்று அடையாளங்களாகக் கூறின. இன்று இம்மூன்றும் ஒருங்கே காணப்படுவோர் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. மூன்றும் சேர்ந்து வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

சிறுநீரகம் வயிற்றறையின் பின்புறம் ஆழத்தில், கொழுப்பு மெத்தைக்குள் புதைந்திருப்பது. அங்கே ஒரு கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தாலும் எதையும் அழுத்தாது, வலியும் தராது. ஆகவே நோய் நெடுங்காலம் மறைந்திருக்க முடிகிறது. இன்று கண்டறியப்படும் சிறுநீரகக் கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிய வந்தவையே.

இரத்தம் வெளிப்படுவதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. கட்டியிலிருந்து கசியும் இரத்தம் ஒருநாள் வந்து, தானே நின்று, பல வாரம் வராமல் இருக்கலாம். நின்றுவிட்டதால் குணமாயிற்று என்று மனிதன் எண்ணுகிறான். நின்ற நாளில் அவன் எதைக் குடித்திருந்தானோ அது மருந்தாகிவிடுகிறது. கோடையில் நீர்க்கடுப்பு வருவதும், வாழைத்தண்டுச் சாறும் பார்லிக் கஞ்சியும் அதற்கு இதம் தருவதும் உண்மையே. ஆனால் நீர்க்கடுப்பில் எரிச்சலும் வலியும் இருக்கும். வலியே இல்லாமல் வருகின்ற இரத்தத்துக்குத்தான் நாம் கூடுதலாக அஞ்ச வேண்டும்.

சிவந்த சிறுநீரெல்லாம் புற்றுநோய் என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. பீட்ரூட் உண்டாலும் சிவக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையால் ஆரஞ்சு நிறமாகும். கல், கிருமித் தொற்று, காசநோய் ஆகியவற்றாலும் இரத்தம் வரலாம். எது காரணம் என்பதைச் சோதனை சொல்ல வேண்டுமேயன்றி நம் ஊகம் சொல்லக் கூடாது.

காரணம் தெரியாத எடைக் குறைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தச் சோகை, திடீரென உயரும் இரத்த அழுத்தம் முதலியனவும் சிலருக்குத் தோன்றும். சிலருக்கு மாறாகச் சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் பெருகும். கட்டியே எரித்ரோபொய்ட்டினைச் சுரப்பது இதற்குக் காரணம். ஆண்களில் சிலருக்கு இடப்புற விதைப்பையின் சிரைகள் திடீரெனப் புடைத்துக் காணலாம். இடப்புற விதைச் சிரை இடது சிறுநீரகச் சிரையில் சென்று சேர்கிறது என்று உடற்கூற்றியலில் படித்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

யாருக்கு வரும்?

ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு மிகுதியாக வருகிறது. அறுபதைக் கடந்தவர்களிடம் மிகுதி. எனினும் இளையோருக்கு வராது என்பதில்லை. புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் நன்கு உறுதிசெய்யப்பட்ட காரணிகள். பீடியோ சிகரெட்டோ, புகையிலுள்ள நச்சு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து, வடிகட்டும் உறுப்பை அடைகிறது. நெடுங்காலம் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் அபாயம் கூடுதல். உலோகப் பொருள்களின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றப் பயன்படும் டிரைகுளோரோ எத்திலீன் என்னும் கரைப்பானும் சிறுநீரகப் புற்றை உண்டாக்கும் என்று உறுதியாகியுள்ளது. சில குடும்பங்களில் இந்நோய் பரம்பரையாகவும் தொடர்கிறது. அதன் கதை பின்னர் வரும்.

கண்டறிதலும் நிலைகளும்

முதற்படி அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். செலவு குறைந்தது, ஊசியோ கதிர்வீச்சோ இல்லாதது. நீர் நிறைந்த எளிய பையா, திண்மையான கட்டியா என்பதை அது பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். கட்டி என்று தெரிந்தால், நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் அதன் அளவையும் பரவலையும் காட்டும். மற்றப் பல புற்றுகளில் ஊசியால் திசு எடுத்துப் பார்த்த பிறகே அறுவை நடக்கும். சிறுநீரகத்தில் சி.டி. படமே பெரும்பாலும் போதிய சான்றாக இருப்பதால், திசுச் சோதனை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கட்டி சிறியதாக இருந்து ஐயம் எழும்போதும், மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியபோதும் அது செய்யப்படுகிறது.

நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர். கட்டி 7 செ.மீ.க்குள் இருந்து, சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் முதல் நிலை. 7 செ.மீ.க்கு மேற்பட்டும் உள்ளேயே இருந்தால் இரண்டாம் நிலை. சுற்றியுள்ள கொழுப்பையோ, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையோ, சிறுநீரகச் சிரையையோ எட்டியிருந்தால் மூன்றாம் நிலை. சுற்றுறையைக் கடந்தோ, நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை போன்ற இடங்களுக்குப் பரவியோ இருந்தால் நான்காம் நிலை. சிரைக்குள் ஒரு விரல்போல் வளர்ந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியே இதயத்தின் வலது மேலறை வரை செல்வது இப்புற்றின் தனி இயல்பு.

நிலை ஏன் முக்கியம்? அமெரிக்கக் கணக்கின்படி, சிறுநீரகத்துக்குள் அடங்கிய நிலையில் கண்டறியப்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். தொலைவுக்குப் பரவிய பிறகு கண்டறியப்பட்டோரில் அந்த எண்ணிக்கை இருபதுக்கும் கீழே. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம், பல வேளைகளில், சில மாதத் தாமதமே.

அறுவை மருத்துவம்

"கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்ற அச்சம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. பரவாத சிறுநீரகப் புற்றை முழுதும் நீக்கவல்ல முதன்மை மருத்துவம் அறுவையே. பரவி முற்றிய பின் அறுவைக்கு வந்து இறந்தவர்களைக் கண்டு, பழியைக் கத்தியின்மேல் போட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

அடுத்த அச்சம், ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ முடியுமா என்பது. இக்கேள்விக்கு 1869ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு பெண்மணி வந்தார். முந்தைய அறுவை ஒன்றில் அவரது சிறுநீர்க்குழாய் பழுதுபட்டு, சிறுநீர் இடைவிடாது கசிந்துகொண்டிருந்தது. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மனிதர் பிழைப்பாரா என்று அன்று எவருக்கும் உறுதியில்லை. சைமன் முதலில் நாய்களில் ஒரு சிறுநீரகத்தை அகற்றிப் பார்த்தார், அவை வாழ்ந்தன. பிறகு அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அப்பெண்மணியின் சிறுநீரகத்தை அகற்றினார். அவர் நலம் பெற்றார். திட்டமிட்டுச் செய்யப்பட்ட முதல் சிறுநீரக அகற்றம் இதுவே. எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பருத்து, இருவர் வேலையை ஒருவராகச் செய்யக் கற்றுக்கொள்கிறது.

1960களில் சார்லஸ் ராப்சன் என்னும் கனடா நாட்டு மருத்துவர், சிறுநீரகத்தோடு சுற்றுறை, கொழுப்பு, அட்ரினல் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றையும் சேர்த்து அகற்றும் முழு அறுவையை நிலைநாட்டினார். 1990இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் குழுவினர், வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்ராஸ்கோப் வழியே முதன்முறையாகச் சிறுநீரகத்தை அகற்றினர். இன்று அம்முறையிலும், ரோபோக் கருவியின் துணைகொண்டும் இவ்வறுவை நடக்கிறது.

இப்போது மருத்துவர்களின் போக்கு மேலும் மாறியுள்ளது. கட்டி 4 செ.மீ.க்குள் இருந்தால், கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே முதல் விருப்பம். இடம் வாய்ப்பாக அமைந்தால் 7 செ.மீ. வரையிலும் இவ்வாறு செய்வர். அறுவையைத் தாங்க இயலாத முதியோருக்குச் சிறு கட்டியை ஊசிவழி உறையவைத்தோ வெப்பமூட்டியோ அழிப்பதும் உண்டு. மிகச் சிறிய கட்டிகள் மெதுவாகவே வளர்வதால், மிக முதியோருக்குக் காலந்தோறும் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவதும் ஏற்கப்பட்ட முறையே. 4 செ.மீ.க்குள் உள்ள கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றாகவே இருப்பதில்லை.

ஒரு சிறுநீரகத்தை இழந்தவர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். புகையைத் துறக்க வேண்டும். வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. கிரியேட்டினின் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

மருந்துக்கு அடங்காத செல்லும், அதன் இரகசியமும்

புற்றுநோய் என்றதும் முடி உதிரச் செய்யும் ஊசி மருந்துகளே நம் நினைவுக்கு வரும். சிறுநீரகப் புற்றில் அந்த மருந்துகள் பெரும்பாலும் தோற்றுப்போயின. ஏன்? அண்மைச் சுருள் நுண்குழலின் வேலையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? நச்சைப் பிடித்து வெளியே தள்ளும் புரதப் பம்புகள் அச்செல்லின் சுவரில் உண்டு. செல் புற்றாக மாறிய பின்னும் அத்தொழிலை மறப்பதில்லை. உள்ளே வரும் மருந்தையும் நச்சு என்றெண்ணி வெளியே இறைத்துவிடுகிறது. மருந்துக்கு அடங்காமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். 1992இல் அமெரிக்காவில் இன்டர்லூகின்-2 என்னும் நோயெதிர்ப்புத் தூண்டி அனுமதி பெற்றது. அது சிலருக்கே பயன் தந்தது. அதன் நச்சுத்தன்மையோ கடுமையானது.

வழி எதிர்பாராத இடத்திலிருந்து திறந்தது. 1904இல் யூஜன் ஃபான் ஹிப்பெல் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், விழித்திரையில் இரத்தநாளக் கட்டிகள் உண்டாகும் நோயை விவரித்தார். 1926இல் அர்விட் லிண்டாவ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர், அத்தகையோரின் சிறுமூளையிலும் அதே கட்டிகள் வருவதைக் காட்டினார். இவர்களுக்குச் சிறுநீரகப் புற்றும் மிகுதியாக வந்தது. பரம்பரையாக வரும் இந்நோய்க்குக் காரணமான ஜீன் 1993இல், மூன்றாம் குரோமோசோமின் குறுங்கையில் கண்டறியப்பட்டது. அதற்கு வி.எச்.எல். என்று பெயர். வியப்பு என்னவெனில், பரம்பரை நோய் இல்லாத சாதாரணத் தெளிசெல் புற்றுகளிலும் பெரும்பாலானவற்றில் இதே ஜீன் பழுதுபட்டிருந்தது!

இந்த ஜீன் தரும் புரதம் என்ன செய்கிறது? செல்லுக்குள் ஹிஃப் என்னும் ஒரு புரதம் உண்டு. பிராணவாயு குறையும்போது அது, "மூச்சு முட்டுகிறது, புதிய இரத்தநாளங்களை அனுப்புங்கள்" என்று ஓலை அனுப்பும். பிராணவாயு போதிய அளவு இருக்கும்போது வி.எச்.எல். புரதம் ஹிஃபைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். வி.எச்.எல். பழுதானால் ஹிஃப் அழியாது. பிராணவாயு நிறைந்திருந்தும் ஓலை போய்க்கொண்டே இருக்கும். இரத்தநாளங்கள் கட்டியை நோக்கி வளர்ந்து அதற்கு உணவூட்டும். பிராணவாயுவைச் செல் உணரும் இம்முறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எதிரி உணவு பெறும் வழி தெரிந்தபின் அவ்வழியை அடைப்பதுதானே போர்முறை? இரத்தநாள வளர்ச்சிச் செய்தியைத் தடுக்கும் மாத்திரைகளான சொராஃபெனிப் 2005இலும், சுனிட்டினிப் 2006இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஹிஃபையே நேராகத் தாக்கும் பெல்சூட்டிஃபான், பரம்பரை நோயுள்ளோருக்கு 2021இலும், முற்றிய சிறுநீரகப் புற்றுக்கு 2023இலும் அங்கு அனுமதிக்கப்பட்டது.

மற்றொரு வழி நம் வெள்ளணுக்களைக் கொண்டே போரிடுவது. உடலைத் தானே தாக்காதிருக்க வெள்ளணுக்களுக்குத் 'தடை' ஒன்று உண்டு. புற்றுச்செல் அத்தடையை அழுத்திப்பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. அத்தடையை விடுவிக்கும் முறைக்காக ஜேம்ஸ் ஆலிசன், தாசுகு ஹோஞ்சோ ஆகிய இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வகையைச் சார்ந்த நிவோலுமாப் 2015இல் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று முற்றிய நோய்க்கு இத்தகைய இரு மருந்துகளைச் சேர்த்தோ, ஒன்றோடு இரத்தநாளத் தடுப்பு மாத்திரையைச் சேர்த்தோ தருவது வழக்கம். அறுவைக்குப் பின் நோய் திரும்பும் அபாயம் மிகுந்தோருக்குப் பெம்ப்ரோலிசுமாப் தரும் முறையும் 2021இல் அங்கு ஏற்கப்பட்டது. சிலர் பல ஆண்டுகள் நோய் அடங்கி வாழ்கின்றனர். எல்லோருக்கும் பலன் கிட்டுவதில்லை; தைராய்டு, குடல், நுரையீரல் ஆகியவற்றில் அழற்சி போன்ற பக்க விளைவுகளும் உண்டு.

மருந்து இருந்தும் எட்டாதபோது

கண்டுபிடிப்பு ஒன்று, அது ஏழையின் கைக்கு வந்து சேர்வது வேறொன்று. சொராஃபெனிப் மருந்தின் காப்புரிமை பெற்ற பேயர் நிறுவனம் இந்தியாவில் வைத்த விலை மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய். ஒரு கைத்தறி நெசவாளரின் பல ஆண்டுக் கூலி அது. 2012 மார்ச் மாதத்தில் இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், நியாயமான விலையில் மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். விலை மாதத்துக்கு 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இந்தியா வழங்கிய முதல் கட்டாய உரிமம் இதுவே. அது சிறுநீரக, ஈரல் புற்றுகளுக்கான ஒரு மருந்துக்காக வழங்கப்பட்டது என்பதை நாம் நினைவில் கொள்ளத் தகும். காப்புரிமை இல்லையேல் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்ற வாதத்தையும் நான் அறிவேன்; அதில் பொருள் உண்டு. ஆயினும் வாங்க இயலாத மருந்து, நோயாளியைப் பொறுத்தவரை, கண்டுபிடிக்கப்படாத மருந்தே. இன்றைய புதிய நோயெதிர்ப்பு மருந்துகளின் விலையும் எளியோருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. வேதியியலும் உயிரியலும் கற்கும் நாம், பொருளியல், அரசியல் நண்பர்களோடு அமர்ந்து பேச வேண்டிய இடம் இது.

அந்த விலையுயர்ந்த மருந்துகள் பெரும்பாலும் முற்றிய நோய்க்கானவை. தொடக்கத்தில் கண்டுகொண்டால் ஓர் அறுவையோடு முடிந்துவிடக்கூடியது இந்நோய். அவ்வறுவை அரசு மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவுகிறது. ஏழைக்கு மலிவான மருந்து, காலத்தே செய்யும் சோதனைதான்.

நம் கடமை

நண்பர்களே! நம்மில் பலர், நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் பெறும் பட்டம் வேலை தருமோ தராதோ, அதற்கு முன்பே அது நமக்கு ஒரு வேலையைத் தந்துவிட்டது. மருந்துச் சீட்டும், சோதனை அறிக்கையும், காப்பீட்டுப் படிவமும் தெருவில் நம் கைக்கே வந்து சேரும். அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும். தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லி, எஞ்சியதை மருத்துவரிடம் கேட்கச் செய்ய வேண்டும்.

இன்று மாலை வீடு திரும்பியதும் பெரியவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரேயொரு முறை வந்து நின்றுவிட்டாலும், சிறுநீரில் இரத்தம் கண்டால் அது சோதிக்கப்பட வேண்டும். இளநீர் குடிக்கட்டும், தடையில்லை. குடித்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகட்டும்.